நான்காவது பாட்டுக்கு யார் டிரம்ஸ்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா? நான் நலம் என்று எழுதினால் அது பாதிப் பொய். நலமாக இருப்பதற்காகப் படுக்க வைக்கப்பட்டிருக்கிறேன்.

நான்காம் மாதம். உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவை தங்கலையா? அப்ப இந்தத் தடவை பேச்சுக்கே இடமில்ல. படுத்தே இருங்க. மாடிப்படி கூடாது, வாளி தூக்கக்கூடாது" என்றார். "டிரம்ஸ்?" என்று கேட்டேன். "யாரு வாசிப்பா?" "நான்தான்." பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன் அத்தானைப் பார்த்தார். உன் அத்தான் தன் செருப்பைப் பார்த்தார்.

ஆக, மூன்றாம் மாடியில், சன்னலோரக் கட்டிலில் கிடக்கிறேன். அவர் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கக் காலையிலேயே போய்விடுகிறார். போன் கீழே மருந்துக் கடையில்தான் இருக்கிறது. இறங்கக் கூடாது, ஒத்திகைக்கு ரயிலேறி உன் ஊருக்கு வரவும் கூடாது என்பதால் கடிதம்.

இசைக்குழுவில் எல்லோரிடமும் எனக்கு முதுகுவலி என்று சொல். மார்ச்சில் ஒலிப்பதிவு. எனக்குப் பதிலாக நீ உட்காரப் போகிறாய். பதினொரு பாட்டுக்கும் என் டிரம்ஸ் நோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு தட்டும் அதில் இருக்கிறது. மூன்றாவது பாட்டில் பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் ஏழு தட்டு. எட்டு இல்லை. உன் கை எட்டுக்குத்தான் ஓடும், எனக்குத் தெரியும். நோட்டில் இல்லாத ஒரு தட்டுகூட விழக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. உடனே பதில் போடு. இங்கே கூரையைத் தவிரப் பார்க்க எதுவும் இல்லை.

உன் அக்கா

ஜனவரி 22

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை நேரத்தில், பல் செட் செய்யும் கூடத்துக் கழிவறையில் வைத்து மூன்று தடவை படித்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால் முதலாளி, "யாருக்கு என்ன?" என்கிறார். "அக்காவுக்கு முதுகுவலிங்க" என்றேன். முதுகுவலிக்கா இந்தச் சிரிப்பு என்று நினைத்திருப்பார். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் சமைப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிடு.

நோட்டு வந்தது. ஸ்டாண்டில் விரித்து வைத்துத்தான் வாசிக்கிறேன். ஏழு தட்டையும் ஏழாகவே போடுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் பாடகர் நோட்டைப் படிப்பதில்லையே! செவ்வாய்க்கிழமை இரண்டாவது பாட்டில் ஒரு சரணத்தையே விழுங்கிவிட்டார். கிட்டார் சோடாபுட்டி அவர் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன். உன் நோட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

முடிந்ததும் பேஸ் வாசிக்கும் கொக்கு சொன்னார்: "உங்கக்கா இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு வாசிப்பேன். உன்கூட வாசிச்சா கண்ணைத் திறந்தே வச்சிருக்கணும்." திட்டா பாராட்டா என்று கேட்டேன். "எனக்கே தெரியல" என்றார்.

அக்கா, பகல் முழுக்க நான் அளந்துகொண்டே இருக்கிறேன். கடைவாய்ப் பல் ஒரு நூல் உயர்ந்தால் செட் திரும்பி வந்துவிடும். சாயங்காலமாவது என் கையை அதன் போக்கில் விடக்கூடாதா? அடிக்கும்போது நான் யோசிப்பதில்லை என்று நினைக்கிறாய். யோசிக்கிறேன். யோசனைக்கும் கைக்கும் நடுவில் இடைவெளி இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கட்டுமா? சின்ன வயதில் நீயும் என்னைப்போலத்தான் வாசித்தாய். எப்போதிருந்து நோட்டு?

உன் தங்கை

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? உன் எழுத்தைப் பார்த்தாலே ஜலதோஷம் பிடித்திருப்பது தெரிகிறது. வெந்நீர் குடி.

யோசனைக்கும் கைக்கும் நடுவில் இடைவெளி இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ் ஓட்டுபவர் அப்படிச் சொன்னால் நீ ஏறுவாயா? கேட்பவர்கள் ஒரு தடவைதான் கேட்கிறார்கள் என்பதற்காக நாம் ஏனோதானோவென்று போட முடியாது. எங்கே அடிப்பது என்று யாருக்கும் தெரியும். எங்கே அடிக்காமல் இருப்பது என்பதை உட்கார்ந்து யோசித்தால்தான் பிடிக்க முடியும். நான் ஒவ்வொரு வரியையும் பத்து விதமாக வாசித்துப் பார்த்து ஒன்பதைத் தள்ளியிருக்கிறேன். நீ முதலில் வருவதை எடுத்துக்கொண்டு அதற்கு உணர்ச்சி என்று பெயர் வைக்கிறாய். எழுதி வைத்து வாசிப்பவளுக்கு உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? எழுதும்போதே தீர்த்துவிடுகிறேன், மேடையில் கொட்டுவதில்லை.

எப்போதிருந்து நோட்டு என்று கேட்டாய். மூன்று வருஷமாக. முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் தொடங்கினேன். நான்காவது பாட்டுத்தான் அதில் முதலில் எழுதியது. அதற்கு மேல் கேட்காதே.

கட்டில் சட்டத்தில் தாளம் போடுகிறேன் என்று பக்கத்து வீட்டில் புகார் சொல்லியிருக்கிறார்கள். உன் அத்தான் குச்சிகளை அலமாரி மேல் வைத்துவிட்டார். விரல்கள் இருக்கின்றனவே. ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. இந்த மாதத்தை இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? புரள்கிறதா? உதைக்கிறதா? உதைத்தால் அது எந்தத் தாளம் என்று பக்கத்தில் எழுதிவைப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

நோட்டு பற்றி இனி கேட்க மாட்டேன்.

சனிக்கிழமை கல்லூரி அரங்கத்தில் கச்சேரி. நானூறு பேர். ஆறாவது பாட்டின் நடுவில் சோடாபுட்டியின் கிட்டாரில் கம்பி அறுந்தது. ஒரு கம்பியோடு போகவில்லை, ஒலிபெருக்கியும் கரகரவென்று கத்த ஆரம்பித்துவிட்டது. பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொக்கு என்னைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் ஏது? கால் டிரம்மை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு ஸ்நேர் டிரம். பிறகு எங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. கம்பி மாட்டி முடிக்க நான்கு நிமிஷம் ஆனதாம். கடைசி நிமிஷத்தில் கொக்கும் வந்து சேர்ந்துகொண்டார், கண்ணை மூடிக்கொண்டு. அரங்கமே எழுந்து நின்றது. என் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஒலிப்பதிவுக் கூடக்காரர் வந்திருந்தார். நரைத்த தாடி, எதற்கும் சிரிக்காத முகம். எங்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்கு மாத்திரை சாப்பிடு.

உன் தங்கை

மார்ச் 3

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

நான்கு நிமிஷக் கதையை இரண்டு தடவை படித்தேன். பொறாமையாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

"ஏதோ பேசிக்கொண்டிருந்தார்" என்றால் என்ன? அடுப்பில் பால் பொங்கியதைக்கூட ஒரு பக்கத்துக்கு எழுதுகிறவள் நீ. அந்த ஏதோவை எழுது.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போய் வந்தோம். உன் அத்தானும் அவர் நண்பரும் நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒன்றுமில்லை. ஊசி போட்டிருக்கிறார்கள். இப்போது கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறது. தலை கீழே, கால் மேலே. பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் பென்சில்.

ஒலிப்பதிவில் மற்ற பத்துப் பாட்டையும் உன் இஷ்டப்படி வாசித்துக்கொள். நோட்டை மூடி வை. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான்காவது பாட்டை மட்டும் எழுதியபடி வாசி. தட்டுக்குத் தட்டு. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

அக்கா

மார்ச் 25

அன்பு அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? செங்கலை எடுத்துவிட்டார்களா? என்ன ஊசி, எதற்கு ஊசி? ஒன்றுமில்லை என்றால் எதற்குத் தலைகீழாகப் படுத்திருக்கிறாய்? எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒலிப்பதிவு முடிந்தது. ஐந்து நாள். கூடம் ஒரு மரக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. ரம்பம் ஓடும்போதெல்லாம் நிறுத்திக் காத்திருப்போம். என்னைத் தனியாக ஒரு கண்ணாடி அறையில் போட்டுவிட்டார்கள். காதில் மாட்டிய கருவியில் டிக் டிக்கென்று அளவு ஒலி. முதல் நாள் அந்த டிக் டிக்கை அறைய வேண்டும்போல் இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஒரே பாட்டை ஆறு தடவை வாசித்தால், ஆறும் ஆறு மாதிரி வருகிறது என்று தாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எதை எதோட ஒட்டுறது?" என்று கத்தினார். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

நான்காவது பாட்டை நீ எழுதியபடியே வாசித்தேன்.

கேசட் வர இன்னும் நாளாகும் என்கிறார்கள். வந்ததும் அனுப்புகிறேன். அவசரப்படாதே.

உன் தங்கை

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ இவ்வளவு நாள் சும்மா இருந்ததே இல்லை.

பாடகர் நேற்று யதேச்சையாகச் சொன்னார்: "உங்கக்காவுக்கு அப்பவே கேசட் அனுப்பிட்டேனே, முதுகுவலியோட படுத்திருக்காங்க, கேக்கட்டும்னு." ஆக, நீ கேட்டுவிட்டாய்.

பொய் சொன்னேன், அக்கா. நோட்டை வைத்துக்கொண்டு பத்தொன்பது தடவை வாசித்தேன். சத்தியமாகப் பத்தொன்பது. கடைசி ஏழில் ஒரு தப்புகூட இல்லை. தாடிக்காரர் வெளியே வந்து, "தப்பே இல்லம்மா. ஆனா வீட்ல ஆள் இல்லாத மாதிரி இருக்கு" என்றார். இது என் பாட்டு இல்லை, என் அக்காவின் பாட்டு என்றேன். "அப்ப அவங்கதான் வாசிக்கணும். நீ வாசிக்கிறதா இருந்தா நீ வாசி" என்றார். அரை மணி நேரம் மரக்கடை வாசலில் நின்றேன். உள்ளே போய் நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரே தடவை வாசித்தேன். அதுதான் கேசட்டில் இருப்பது.

இன்னொன்றும் உண்டு. கல்லூரிக் கச்சேரி அன்று அவர் பேசிய 'ஏதோ' இதுதான்: என்னை நிரந்தரமாகக் குழுவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். குழுவினர் என்னைக் கேட்டார்கள். நான் சரி என்றேன். யோசிக்கவில்லை, சரி என்று வந்துவிட்டது. உன் இடம் அது. தெரிந்தேதான் சொன்னேன்.

திட்டி எழுது. ஒரு வரி போதும்.

உன் தங்கை

மே 4

அன்புள்ள மைத்துனிக்கு,

நலம், நலமறிய ஆவல். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் மன்னிக்கவும்.

ஏப்ரல் 16 காலை உன் அக்காவுக்கு வலி கண்டது. பத்து வாரம் முந்தி. பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோ. உயிரோடு இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உன் அக்காவுக்குப் பதினோரு நாள் கடும் ஜுரம். இப்போது எழுந்து நடக்கிறாள். பெட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வா என்றாலும் வருவதில்லை.

உனக்குத் தந்தி கொடுக்காதது என் தப்பு. என்ன என்று கொடுப்பது? காலையில் ஒன்று சொல்கிறார்கள், சாயங்காலம் ஒன்று சொல்கிறார்கள். உன் 18-ம் தேதிக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. நேற்றுத்தான் கொடுத்தேன். படித்தாள். மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

இப்போது வர வேண்டாம். உள்ளே ஒருவரைத்தான் விடுகிறார்கள். நான் எழுதுகிறேன்.

உன் அத்தான்

மே 10

அக்கா,

நான் அழுது முடித்துவிட்டேன், அதைப் பற்றி எழுதவில்லை. குட்டிக்கு என் முத்தம், கண்ணாடி வழியாக.

ஒன்று மட்டும் சொல். கேசட்டைக் கேட்டதனாலா? கூட்டிப் பார்த்தால் தேதி சரியாக வருகிறது. இதை என்னால் தாங்க முடியவில்லை. கூடத்தில் இரண்டு பல் செட்டைக் கெடுத்துவிட்டேன்.

தங்கை

ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

நலம். நிஜமாகவே நலம். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. முகம் உன் அத்தான் மாதிரி, குரல் உன் மாதிரி.

முதலில் இது: கேசட்டால் இல்லை. மார்ச்சிலேயே ரத்தம் பட ஆரம்பித்துவிட்டது. உனக்கு ஒன்றுமில்லை என்று எழுதினேன். நமக்குள் பொய் சொன்னவள் நீ மட்டும் இல்லை. தலையைக் குழப்பிக்கொள்ளாதே, பல் செட்டைக் கெடுக்காதே, அது யாரோ சாப்பிடுகிற வாய்.

கேசட் ஏப்ரல் முதல் வாரம் வந்தது. நான்காவது பாட்டில் எட்டுத் தட்டு விழுவதற்குள் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொன்னேன். உன் அத்தான் நிறுத்தினார். மறுநாள் நான்கு பக்கம் எழுதினேன். நீ படித்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாய். கிழித்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடியும் போடச் சொல்லி முழுக்கக் கேட்டேன். பிறகு தினமும்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் எழுதியது, யாரும் உள்ளே வர முடியாதபடி எழுதியது. ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்து அடைத்திருந்தேன். நீ கதவை உதைத்துக்கொண்டு போயிருக்கிறாய். கடைசிச் சரணத்தில் உன் கை தாளத்தைவிட முந்துகிறது, பிறகு பயந்து பின்வாங்குகிறது. தப்பு. டிக் டிக்கென்று அளவு காட்டும் மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன், தப்பேதான். அந்த இடத்தில்தான் நான் அழுதேன். என்னுடையதைவிட உன்னுடையது நன்றாக இருக்கிறது. கோபம் அதனால்தான்.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி எழுத வரவில்லை. மூச்சு சில சமயம் நின்றுவிடும். நர்ஸ் உள்ளே கை விட்டுப் பாதத்தைச் சுண்டுவார், மறுபடி வரும். எப்போது நிற்கும் என்று ஒரு தாளில் குறித்து வைத்தேன், ஏதாவது ஒழுங்கு தெரியும் என்று. "குறிக்காதீங்கம்மா. அவளைப் பாருங்க" என்றார் நர்ஸ்.

இப்போது கடைசி விஷயம். என் இடம் எனக்கு வேண்டும். பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிற அக்கா என்று என்னை நினைத்துவிடாதே. இன்னும் இரண்டு மாதத்தில் என்னால் உட்கார முடியும். இங்கே கைக்கு வேலையில்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. திருப்பிக் கொடு.

உன் அக்கா

ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

குட்டிக்கு இரண்டு கிலோ தாண்டிவிட்டதா? போட்டோ அனுப்பு. என் குரல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார்கள். நீ தூங்குகிறாயா? அத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

உன் கேள்விக்குப் பதில்: தர மாட்டேன்.

நேரில் வந்து நீ கேட்டால் "எடுத்துக்கோக்கா" என்று சொல்லிவிடுவேன். வாயில் முதலில் வருவது அதுதான். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன், இது நான்காவது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு காரணம் எழுதியிருந்தேன்: குழு கேட்கிறது, தாடிக்காரர் கேட்கிறார், உனக்குக் கைக்குழந்தை. எல்லாம் சாக்கு. காரணம் ஒன்றுதான். எனக்கு வேண்டும். உனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எனக்கும் வேண்டும்.

நான்காவது பாட்டை மட்டும் இனி மேடையில் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ வருகிற அன்று நீதான் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் வாசிக்க வேண்டாம். பாடகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 12 கச்சேரி. வருவாயா?

உன் தங்கை

ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

நலம். குட்டி இரண்டே முக்கால் கிலோ. போட்டோ உள்ளே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், திறந்தபோது எடுத்ததெல்லாம் ஆடிப்போய்விட்டது.

உன் கடிதத்தைப் படித்ததும் உரக்கத் திட்டினேன். உன் அத்தான் சிரித்தார், அவருக்கும் விழுந்தது. சொன்னால் சொன்னதுதான் என்று நிற்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

துறைமுகத்தில் வேலை செய்யும் மூன்று பேர், வியாழக்கிழமைகளில் ஒரு பழைய கிடங்கில் வாசிக்கிறார்களாம். அவர்களுடைய டிரம்ஸ்காரர் வேலை மாறிப் போய்விட்டார். உன் அத்தான் எனக்குச் சொல்லாமலேயே அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். நேற்றுப் போனேன். மூன்று மாடியும் என் காலாலேயே இறங்கினேன். இவர் வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

அவர்களிடம் நோட்டும் இல்லை, பாட்டும் இல்லை. "நான் என்ன வாசிக்கணும்?" என்று கேட்டேன். கிட்டார்க்காரர், வெல்டர், கையெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தீக்காயம், "நீங்க ஆரம்பிங்கக்கா, பாத்துக்கலாம்" என்றார். எதை ஆரம்பிப்பது? ஒரு நிமிஷம் குச்சியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வியர்த்துவிட்டது. பிறகு அடித்தேன். மோசமாக இருந்தது. பேஸ்காரர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன். இரண்டாவது தடவை அவ்வளவு மோசம் இல்லை. மூன்றாவது தடவை எப்படிப் போனது, எங்கே முடிந்தது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நிறுத்தியபோது வெல்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வியாழனும் போகிறேன்.

ஆகஸ்ட் 12 நானும் உன் அத்தானும் குட்டியும் வருகிறோம். உன் இடத்தில் நீ இரு. நான்காவது பாட்டுக்கு மட்டும் எழுந்திரு.

ஒரு கையில் குட்டி, ஒரு கையில் பேனா. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். பொறுத்துப் படி.

உன் அக்கா